ஓசூரா, ஸ்டுட்கார்ட்டா, கோவில்பட்டியா: ஆண்டுக் கடைசியில் ஒரு மென்பொருள் பொறியாளரின் கணக்கு

டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அமெரிக்காவில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய்விடுவார்கள். ஜனவரி பிறக்கும் வரை எந்த மாற்றத்தையும் வெளியிடக் கூடாது என்று நிறுவனமே தடை போட்டிருக்கும். ஆண்டு முழுக்கக் கிடைக்காத அமைதி அந்தப் பத்து நாளில் கிடைக்கும். வழக்கமாக அதைப் பழைய மின்னஞ்சல்களை அழிப்பதில் வீணடித்துவிடுவேன். இந்த 2025-ல் அது முடியவில்லை. இரண்டு பேருக்கு ஜனவரி 10-க்குள் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்வதற்கு முன், எதற்குச் சரி என்கிறேன், எதற்கு வேண்டாம் என்கிறேன் என்பது எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

எனக்கு வயது 38. கோவில்பட்டியில் பிறந்து, திருநெல்வேலியில் பொறியியல் படித்து, 2009-ல் வேலைக்கு வந்தவன். அந்த ஆண்டு தேர்வானவர்களுக்குத் தெரியும்: நியமன ஆணை கையில் இருக்கும், சேரும் தேதி மட்டும் வராது. எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு பதினாறு ஆண்டுகள், மூன்று நிறுவனங்கள். இப்போது இருப்பது அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் சென்னை மையம். இந்தியாவில் 1,700-க்கும் மேல் இருக்கும் இத்தகைய மையங்களில் இதுவும் ஒன்று. நாவலூரில் ஓர் அடுக்கக வீடு, அதற்கு ஒரு கடன். மனைவி செங்கல்பட்டு மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். மகள் மூன்றாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியில்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. இருக்கும் நிறுவனத்திலேயே மேலாளர் பதவி. பெங்களூருவில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனம் தர முன்வந்திருக்கும் வேலை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு வேலை. ஊருக்கே திரும்புவது. அமெரிக்கா என்ற ஐந்தாவது வழி என் தலைமுறைக்கு எப்போதும் மேசையோரத்தில் கிடக்கும்; அதை ஒரு பத்தியிலேயே முடித்துவிடலாம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே ஆண்டுக்கு 85,000 விசா, அதற்குக் குலுக்கல். கிடைத்துப் போனாலும், நிரந்தர வசிப்புரிமை தரும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை முதுமை வரை நீள்கிறது. 38 வயதில் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை.

சம்பளத்தை வைத்து ஒரு அட்டவணை

பொறியாளன் புத்தி, முதலில் ஒரு அட்டவணை போட்டேன். இப்போது ஆண்டுக்கு 34 லட்சம். வருமான வரியும் வருங்கால வைப்புநிதியும் போக மாதம் ஏறக்குறைய 2 லட்சம் கைக்கு வருகிறது. மேலாளரானால் 39 லட்சம், ஆனால் அதில் ஒரு பகுதி ஆண்டுக் கடைசியில் நிறுவனத்தின் மனநிலையைப் பொறுத்தது. பெங்களூருவில் ரொக்கமாக 42 லட்சம். அதற்கு மேல் நான்கு ஆண்டுகளில் பிரித்துத் தரும் பங்குகள். அந்த நிறுவனம் இன்னும் பங்குச்சந்தைக்கு வரவில்லை. சந்தைக்கு வராத பங்கு என்பது பூக்காத மாமரத்துக் குத்தகை. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஸ்டுட்கார்ட்டில் 72,000 யூரோ. திருநெல்வேலிப் பக்கம் விசாரித்ததில் என் அனுபவத்துக்கு அதிகபட்சம் 20 லட்சம்.

யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் இந்த ஆண்டில் 72,000 என்பது எழுதிப் பார்க்கும்போது கிறுகிறுக்க வைக்கும் தொகை. ஆனால் ஜெர்மனியில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு என்று ஊழியரின் பங்காகவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். துணைவருக்கு வருமானம் இல்லையென்றால் கிடைக்கும் மூன்றாம் வரி வகுப்பில் கணக்குப் போட்டும், மாதம் கைக்கு 4,000 யூரோவைச் சற்றுத் தாண்டுகிறது. மூன்று அறை வீட்டுக்கு நான் பார்த்த விளம்பரங்களில், வெப்பமூட்டும் செலவையும் சேர்த்தால், 1,500 யூரோவுக்குக் குறைவாக எதுவும் இல்லை. குழந்தைக்கு அரசு 2025-ல் மாதம் தந்த 255 யூரோவைக் கூட்டி, சாப்பாட்டையும் ரயில் சீட்டையும் கழித்தால் மிச்சம் இருக்கும். ஆனால் மனைவியின் சம்பளம் நின்றுவிடுகிறது, நாவலூர் வீட்டுத் தவணை நிற்காது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஸ்டுட்கார்ட்டின் மிச்சம் பெங்களூருவின் மிச்சத்தைவிடக் குறைவு. இது எனக்கே அதிர்ச்சி. ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

வீட்டுக் கடனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022 இறுதியில் 50 லட்சம், எட்டரை விழுக்காடு, 20 ஆண்டு. மாதத் தவணை 43,400 ரூபாய்க்கு ஒட்டி வரும். இந்த ஆண்டு ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ வட்டி விகிதத்தை நான்கு முறையாக 6.5-லிருந்து 5.25-க்குக் குறைத்தது. தவணையை வங்கி குறைக்கவில்லை, காலத்தைத்தான் குறைத்தது: மீதமிருந்த 17 ஆண்டில் இரண்டரை ஆண்டு போல உதிர்ந்துவிட்டது. நான் எதுவுமே செய்யாமல் இந்த ஆண்டு எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான்.

அட்டவணை முடிந்ததும் பெங்களூரு முதலிடத்தில் இருந்தது. இரண்டு நாள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனைவியிடம் காட்டினேன். அவள் கணித ஆசிரியர்; கூட்டல் சரியா என்று முதலில் பார்த்தாள். பிறகு, "சரிதான். ஆனால் இதில் எத்தனை பேரின் வாழ்க்கை இருக்கிறது? ஒருவருடையதுதானே?" என்றாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டாள். தலைப்பு: யார் விட்டுக்கொடுப்பது?

அந்தக் கட்டம் வந்த பிறகு முழுக் கணக்கும் மாறிவிட்டது.

மேலாளர் நாற்காலி

கல்யாண வீடுகளில் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இன்னுமா நீயே உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறாய்?" நாற்பதை நெருங்கியும் கீழே ஆள் இல்லாமல் இருப்பவன் ஏதோ தேர்வில் தவறியவன் என்பது நம் சமூகத்தின் தீர்ப்பு. எனவே மேலாளர் பதவி என்பது சம்பளத்துக்காக மட்டுமல்ல, மாமாக்களுக்காகவும்தான்.

பதவி என்ன கேட்கிறது? பதினான்கு பேர். அவர்களுடைய மதிப்பீடு, விடுப்பு, ஊதிய உயர்வு, போகிறேன் என்று கடிதம் கொடுப்பவரைத் தடுப்பது, தடுக்க முடியாதபோது தொண்ணூறு நாள் அறிவிப்புக் காலத்துக்குள் மாற்றாள் பிடிப்பது. இரவு எட்டரைக்கு அமெரிக்காவுடன் கூட்டம். மனிதர்களை நன்றாக நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது அருமையான வேலை. என் இரண்டாவது நிறுவனத்தில் அப்படி ஒரு மேலாளர் எனக்கு வாய்த்தார். அதனால்தான் அந்த வேலை எவ்வளவு கடினம் என்று தெரியும்.

ஆனால் இந்த ஆண்டின் நாட்காட்டியை எடுத்துப் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. ஆண்டிலேயே எனக்கு மிக மோசமான நாளும், மிக நல்ல இரண்டு வாரமும் மார்ச் மாதத்தில் அடுத்தடுத்து வந்தவை. மோசமான நாள் என் தவறு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணைக்கு, தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் போடும்போது 'கன்கரன்ட்லி' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், இன்டெக்ஸ் உருவாகி முடியும் வரை அந்த அட்டவணையில் யாரும் எதையும் எழுத முடியாது. இது எனக்குப் பத்து ஆண்டாகத் தெரியும். இளையவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். அன்றைக்குக் கட்டளையை எழுதியது ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி, படித்துப் பார்த்துச் சரி என்று அனுப்பியது நான். இருபது கோடி வரிசைகள் கொண்ட அட்டவணை. 47 நிமிடம் ஒரு ஆர்டர்கூடப் பதிவாகவில்லை.

அதற்கடுத்த இரண்டு வாரம் நானும் இரண்டு இளையவர்களும் சேர்ந்து, இப்படிப்பட்ட கட்டளைகள் எதுவும் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் தளத்துக்குப் போகுமுன் பிடித்து நிறுத்தும் ஒரு சோதனையைக் கட்டினோம். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு மறந்துபோகும். அந்தச் சோதனை அதற்குப் பிறகு பதினொரு தடவை மணி அடித்திருக்கிறது. அதில் இரண்டு என்னுடையவை.

மேலாளரானால் மோசமான நாட்கள் எல்லாம் அப்படியே இருக்கும். அந்த இரண்டு வாரம் மட்டும் இருக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் பணியாளர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருப்பவர்கள் என்றும் சொன்னது. அந்த வாரம் எங்கள் உணவகத்தில் நாற்பதைத் தாண்டியவர்களின் மேசை அமைதியாக இருந்தது. மேலாளர் பதவியைப் பாதுகாப்பான மேடு என்று நினைத்து ஏறியவர்கள் அவர்கள். பொறியாளராகவே இருப்பது பாதுகாப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். 2022-ன் முடிவில் சாட்ஜிபிடி வந்தபோது விளையாட்டாகத் தொட்டுப் பார்த்தவர்கள் நாங்கள். இன்று எங்கள் குழுவில் முதல் வரைவு பெரும்பாலும் கருவிதான் எழுதுகிறது. இளையவர் ஒருவர் இரண்டு நாளில் எழுதியதை அது முக்கால் மணி நேரத்தில் தந்துவிடுகிறது. அதைப் படித்துச் சரிபார்க்க எனக்கு ஆகும் நேரம் மட்டும் குறையவே இல்லை. எழுதுவதற்குக் கிடைத்த கூலி படிப்பதற்குக் கிடைக்குமா என்பது இனிதான் தெரியும்.

அப்பா தீப்பெட்டி ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கையால் குச்சி அடுக்கிய காலமும், முழு இயந்திரம் வந்து சிறு ஆலைகள் மூடிய காலமும், அந்த இயந்திர ஆலைகளையே பிளாஸ்டிக் லைட்டர் அசைத்த காலமும் அவர் கண் முன்னால் கடந்தவை. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023-ல் தடை வந்தபோது ஊரே கொண்டாடியது. என் கருவிகளைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "பெட்டியை எண்ணிப் பார்க்க ஆள் வைத்திருக்கிறார்களா?" வைத்திருக்கிறார்கள் என்றேன். "அப்படியானால் அந்த ஆளாக இரு" என்றார்.

மனைவியின் கட்டத்தில் மேலாளர் பதவிக்கு எதிரே எழுதியிருந்தது: இரவுச் சாப்பாடு, மகள். விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பெங்களூரு என்றால் ஓசூர்

பெங்களூருவின் சிக்கல் போக்குவரத்து நெரிசல் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்குச் சிக்கல் மாநில எல்லை. மனைவி தமிழ்நாடு அரசு ஊழியர்; அத்திப்பள்ளியைத் தாண்டி ஒரு அடி வைக்க அவள் வேலைக்கு அனுமதி இல்லை. பதின்மூன்று ஆண்டுப் பணி. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாக வாங்கிய வேலை; எங்கள் இரு குடும்பத்திலும் அரசு வேலைக்குப் போன முதல் ஆள். அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னாலும் விடமாட்டாள், விடவும் கூடாது.

ஆனால் ஓசூர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டி பெங்களூருவின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. ஓசூரிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்; நாவலூரிலிருந்து கிண்டி போவதைப் போன்ற தூரம். இந்த ஆகஸ்டில் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்தார்கள். அது எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொட்டுத்தான் போகிறது. மனைவி கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாறுதல் வாங்கிவிட்டால், நான் எல்லை தாண்டிப் போய் வரலாம். இப்படி வாழும் குடும்பங்கள் ஓசூரில் எத்தனையோ.

மாறுதல் கிடைக்குமா? ஆசிரியர் வீட்டில் இருப்பவர்களுக்குக் கலந்தாய்வு என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு படபடப்பு உண்டு. முதலில் மாவட்டத்துக்குள், பிறகு மாவட்டம் விட்டு மாவட்டம். காலியிடப் பட்டியலை விடிய விடியப் பார்த்துக்கொண்டு, முன்னுரிமை எண் வரும்போது நாம் குறித்து வைத்த பள்ளி போயிருக்கும். தென்மாவட்டங்களில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு, ஏனென்றால் வடமாவட்டங்களில் பணிபுரியும் தென்மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் அங்கே திரும்பத்தான் காத்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் அந்த நெருக்கம் இல்லை. எனவே ஓசூர் நடக்கக்கூடிய காரியம். ஆனால் அடுத்த கலந்தாய்வுக்குப் பிறகுதான். பெங்களூரு நிறுவனமோ ஏப்ரலில் வந்து சேரச் சொல்கிறது.

இடையில் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இங்கே சேர்ந்தது 2021 ஜூன். ஐந்து ஆண்டு முடியாமல் போனால் பணிக்கொடை போய்விடும், எனவே ஜூன் வரை அசையக் கூடாது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வெகு காலம் முன்பே சொல்லிவிட்டது என்று மனிதவளப் பிரிவில் இருக்கும் நண்பர் காட்டினார். ஜனவரியில் கடிதம் கொடுத்து ஏப்ரலில் வெளியேறினால்கூட எனக்கு அது பொருந்துகிறது. தொகையும் எவ்வளவு? கடைசி அடிப்படை ஊதியத்தில் 26-க்கு 15 பங்கு, அதை ஐந்தால் பெருக்கினால் இரண்டு லட்சத்துச் சொச்சம். இதற்காகவா வாழ்க்கையை நிறுத்தி வைத்திருந்தேன்? இல்லை. போக மனமில்லை, அதைச் சொல்ல ஒரு கணக்கு தேவைப்பட்டது.

ஓசூருக்குச் சாதகமாக இன்னொன்றும் இருக்கிறது. பெங்களூரு–நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஓசூர், சேலம், மதுரை வழியாகக் கோவில்பட்டியைத் தொட்டுத்தான் போகிறது. ஓசூரில் மாலை ஏறினால் விடியும்போது அப்பா வீட்டில் காப்பி.

ஸ்டுட்கார்ட்டும் நான்காம் வகுப்பும்

ஜெர்மனியைப் பற்றி நான் பெரிதாகக் குறை சொல்லப் போவதில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படியே குறைந்தது 20 நாள் விடுப்பு. இந்த நிறுவனம் 30 தருகிறது. திறன்மிகு வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான நீல அட்டை என்ற அனுமதிக்கு 2025-ல் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 48,300 யூரோ, அதற்கும் மேலேதான் நிற்கிறேன். நீல அட்டையில் போனவருக்கு ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சி இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை; அமெரிக்க வரிசையைப் பார்த்தவனுக்கு இது கனவு மாதிரி. ஐந்து ஆண்டில் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை 2024 ஜூனிலிருந்து ஏற்றுக்கொள்கிறது; ஏற்றுக்கொள்ளாதது இந்தியா.

ஆகவே பணத்தில் பின்தங்கினாலும் ஸ்டுட்கார்ட்தான் நவம்பர் வரை என் மனத்தில் முதலில் இருந்தது. இருபது வயதில் போயிருக்க வேண்டிய ஊர் என்று ஒரு ஏக்கம். மனைவி சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்க்கிறேன் என்றுகூடச் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

தீர்த்துவைத்தது மகளின் பள்ளி. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது. அதன் முடிவில் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள்: பல்கலைக்கழகத்துக்கு நேராக இட்டுச் செல்லும் கிம்னாசியம் ஒரு பக்கம், மற்ற வகைப் பள்ளிகள் இன்னொரு பக்கம். பிறகு மாற முடியாது என்பதில்லை, ஆனால் மாறுவது பாடு. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் இந்தப் பரிந்துரை நான்காம் வகுப்பின் நடுவிலேயே வந்துவிடும். நாங்கள் 2026 கோடையில் போனால், மகள் செப்டம்பரில் நான்காம் வகுப்பில் உட்காருவாள், ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல். ஐந்தாறு மாதத்தில் அவள் எந்தப் பக்கம் என்று ஒரு தாள் வரும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மொழி கற்பிக்கத் தனி வகுப்புகள் உண்டு, சலுகைகளும் உண்டு, எல்லாம் படித்தேன். என்றாலும் எட்டு வயதுப் பெண்ணை இதைவிட மோசமான நேரத்தில் கொண்டுபோய் இறக்க முடியாது. பெர்லினில் தொடக்கப் பள்ளி ஆறாம் வகுப்பு வரை. வேலை பெர்லினில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

பெற்றோரை அழைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். 2024 மார்ச் முதல் தேதியிலிருந்து முதன்முறை அனுமதி பெறும் திறன்மிகு பணியாளர்கள் பெற்றோரையும் அழைத்துக்கொள்ளச் சட்டம் வழி விட்டிருக்கிறது, உண்மை. ஆனால் அவர்களுடைய வாழ்வுச் செலவுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் நாமே பொறுப்பு. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த 71 வயதுக்காரருக்குக் காப்பீடு தேடிப் பாருங்கள், தெரியும். அதோடு, மார்கழி வெயிலுக்கே சால்வை போர்த்துகிறவர் அப்பா.

கோவில்பட்டி

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. அம்மா என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சியைத்தான் கூப்பிட்டார். அண்ணாச்சி 108-ஐ வரவழைத்து, அவரே கூட ஏறி, திருநெல்வேலி மருத்துவமனையொன்றில் சேர்த்த பிறகுதான் எனக்குத் தகவல். முதல் விமானத்தைப் பிடித்து மதுரையில் இறங்கி, கார் வைத்து நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. படுக்கைக்குப் பக்கத்தில் அண்ணாச்சி உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளிலிருந்து எல்லா வழிகளையும் ஒரே அளவுகோலால் அளந்துகொண்டிருந்தேன்: அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம்? சென்னையிலிருந்து ஆறு. ஓசூரிலிருந்து எட்டு. ஸ்டுட்கார்ட்டிலிருந்து எல்லாம் கூடிவந்தால் இருபதுக்கு மேல். ஆனால் நிதானமாக யோசித்தால் இந்த அளவுகோலே தவறு. திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டானில் வேலை பார்த்து முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்திருந்தால்கூட, அன்றைக்கு அண்ணாச்சிதான் முதலில் வந்திருப்பார். அவசரத்துக்கு அண்ணாச்சி போதும். அதற்குப் பிறகான நாற்பது நாளுக்குத்தான் ஆள் தேவைப்பட்டது: காலை மாத்திரையை இரவில் போட்டுக்கொள்ளாமல் பார்க்க, மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போக, பில்லை வைத்துக் காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்ட, ஊறுகாயை ஒளித்து வைக்க. இந்த ஆண்டு முழுவதும் நான் ஊர்ப்பக்கம் இருந்தது 16 நாள். அதில் ஏழு மருத்துவமனையில்.

ஊருக்கே போய்விடுவது சாத்தியமா? பத்தாண்டுக்கு முன் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2011-லேயே தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அந்தப் பக்கமே குடிவந்துவிட்டார். கங்கைகொண்டானில் அரசின் எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகம் இருக்கிறது. 2024-ல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று அரசு சிறிய டைடல் பூங்காக்களைத் திறந்தது. கடைசியாகச் சொன்னது கோவில்பட்டிக்கு ஒரு மணி நேரத் தொலைவு. கட்டடங்கள் வந்துவிட்டன. என் வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற வேலைகள் அந்தக் கட்டடங்களுக்குள் இன்னும் எண்ணிக்கையில் வரவில்லை. முதல் வேலைக்கு அருமையான இடம். நான்காவது வேலைக்குக் கூலி பாதியாகும் இடம். அங்கே போன பிறகு அந்த ஒரு நிறுவனம் பிடிக்காமல் போனால் பக்கத்தில் இன்னொன்று இல்லை என்பதும் உண்டு. வீட்டிலிருந்தே வேலை என்றால் ஃபைபர் இணையம் சிக்கலில்லை. மாதத்துக்கு ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை பராமரிப்புக்கான மின்தடை, அதை நாளிதழிலேயே போட்டுவிடுவார்கள். இன்வெர்ட்டரை வைத்துச் சமாளிக்கலாம். மனைவிக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக்கு மாறுதல் என்பதைத்தான் சமாளிக்க முடியாது.

அப்பாவிடம் கேட்டேன். "நீ வந்தால் சந்தோஷம்தான். ஆனால் எனக்காக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வராதே. அப்புறம் நான் சாகும் வரை உனக்குக் கடன்பட்டவனாக இருக்க வேண்டும்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "மாதத்துக்கு ஒரு தடவை வந்து மாத்திரைப் பெட்டியை நிரப்பிவிட்டுப் போனால் போதும், எனக்கு அந்த எழுத்து தெரியவில்லை" என்றார்.

நான்கு வழிகளில் எதையும் அப்படியே எடுக்கத் தேவையில்லை என்பது அந்த அடுப்படிக் குரலில்தான் எனக்கு உறைத்தது. அட்டவணை போடும்போது ஒவ்வொரு வரியும் முழுதாக ஒரு வாழ்க்கை என்று நினைத்துவிட்டேன். அம்மாவுக்கு வேண்டியது மகனின் இடமாற்றம் இல்லை, மாதத்தில் ஒரு வாரம்.

என் மேலதிகாரியிடம் இரண்டு விஷயம் பேசினேன். மேலாளர் பதவி வேண்டாம், தொழில்நுட்பப் படியிலேயே மேலே போக வழி இருந்தால் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு வாரம் கோவில்பட்டியிலிருந்து வேலை செய்கிறேன், மற்ற மூன்று வாரமும் விதிப்படி மூன்று நாள் அலுவலகம் வருகிறேன். முதலாவதுக்கு அவர் முகம் சுருங்கியது. அந்தப் பதினான்கு பேருக்கு இனி அவர் வெளியிலிருந்து ஆள் தேட வேண்டும். சம்பளம் இந்த ஆண்டு பெரிதாக ஏறாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். இரண்டாவதுக்கு மூன்று மாதம் பார்ப்போம் என்றார், எழுத்தில் தரவில்லை. பெங்களூரு நிறுவனத்திடம் ஏப்ரலில் வர முடியாது என்று எழுதிவிட்டேன். கலந்தாய்வில் ஓசூர்ப் பக்கம் இடம் கிடைத்தால் அப்போது அவர்களோ வேறு யாரோ இருப்பார்கள். இல்லாவிட்டால் ஆண்டுக்கு எட்டு லட்சத்தை இழந்தவனாக இருப்பேன். மனைவி விண்ணப்பத்துக்கான சான்றிதழ்களை ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறாள். ஸ்டுட்கார்ட்டுக்கு எழுதிய கடிதம்தான் நேரம் பிடித்தது. நான்கு வரி; மூன்று நாள். மகளுக்கு மட்டும் ஜெர்மன் எழுத்துகள் பிடித்துப்போய், தன் பெயரில் இல்லாத இரட்டைப் புள்ளியைச் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பிப்ரவரி வரைக்கும் நெல்லை எக்ஸ்பிரஸில் போக, வர எடுத்துவிட்டேன். பொங்கல் முடிந்து திரும்பும் டிக்கெட் மட்டும் காத்திருப்போர் பட்டியலில், 43.